ஏழு மணித் தோசையும் பத்தரை மணிச் சட்டிச் சோறும்

"கொஞ்சம் இறங்குங்கம்மா... மறுபடி ஏறுங்க."

இறங்கினேன். ஏறினேன்.

டாக்டரம்மா குனிந்து எடை மெஷினைப் பார்த்தார். பிறகு மெஷினைத் தூக்கிச் சுவரோரமாக வைத்து இன்னொரு தடவை ஏறச் சொன்னார். தரையில் மேடு பள்ளம் இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம் போல. தரை சரியாகத்தான் இருந்தது. மெஷினும் சரியாகத்தான் இருந்தது. நான்தான் சரியில்லை.

"போன தடவையை விட ரெண்டு கிலோ கூடியிருக்கீங்களே! ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடிச்சிரச் சொன்னேனே... முடிக்கிறீங்களா?"

"ஆமாம்மா. டாண்ணு ஏழு மணிக்குச் சாப்பிட்டுர்றேன்."

"என்ன சாப்பிடுறீங்க?"

"கம்பு தோசை ரெண்டு. கூட ஏதாவது காய், இல்லாட்டி கீரை."

"ஸ்வீட்டு, காராச்சேவு?"

"பொட்டலத்தைப் பிரிக்கிறதுகூட இல்லம்மா."

டாக்டரம்மா பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தார். படித்த பெண், கெட்டிக்காரி, என் மகன் வயதுகூட இருக்காது. அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், நான் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கேட்டதற்கெல்லாம் உள்ளபடி பதில் சொன்னேன். ஏழு மணிக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார், சொன்னேன்.

பத்தரை மணிக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கவில்லையே!

இது நடந்தது ஆடி மாசம் பிறந்த புதிதில். இத்தனை நாளும் வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே, நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பேனாதான் என்றாலும், அதைக் கையில் பிடித்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது. போன சனிக்கிழமைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கிறது. போன சனிக்கிழமை என்ன நடந்தது? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பத்தரை மணி.

எங்கள் வீடு சிவகாசியில். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சேர்ந்து சின்னதாக ஒரு ஆப்செட் பிரஸ் நடத்துகிறார்கள். பட்டாசு டப்பாவுக்கு லேபிள், கூடவே காலண்டர். சீசன் வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ராத்திரி பகல் தெரியாது. நாரணாபுரத்துப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் மத்தாப்பு தயாராக இருக்கும், ஒட்டுவதற்கு லேபிள் மட்டும் போய்ச் சேர்ந்திருக்காது. போன் மேல் போன். "அண்ணாச்சி, லோடு நிக்குது அண்ணாச்சி!" அந்த லேபிள் போய்ச் சேர்ந்த பிறகுதான் இவர்கள் வீடு வந்து சேர்வார்கள். மணி பத்தாகிவிடும்.

அவர்கள் கைகால் கழுவி, சாப்பிட்டு, "நாளைக்கு மழை வந்தா அச்சடிச்ச ஷீட் காயாதே" என்று கவலைப்பட்டுக்கொண்டே படுக்கப் போன பிறகுதான் எங்கள் சாப்பாடு. எங்கள் என்றால் நானும் கனியும். கனி என் கொழுந்தனாரின் மனைவி, எனக்கு ஓர்ப்படியாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். மல்லாங்கிணற்றுப் பெண். அவள் பிறந்த வீட்டில் கம்பும் சோளமும் விளையும்; அவள் வாயில் எந்நேரமும் சிரிப்பு விளையும்.

ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் நீங்கள் சாப்பிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் சட்டம் போட்டதில்லை. சட்டம் போட்டிருந்தால்கூட மீறியிருக்கலாம். இது பழக்கம். பழக்கத்தை மீறுவதற்கு யாரிடம் போய் மனு கொடுப்பது?

ஆனால் அந்தப் பத்தரை மணிச் சாப்பாட்டை எங்களுக்கு வந்த கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் எங்களுக்கு நாளின் திருவிழா.

தட்டெல்லாம் கிடையாது. குழம்பு வைத்த மண்சட்டி காலியாகி இருக்கும். அடியிலும் ஓரத்திலும் சுண்டிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும் குழம்பு இருக்கிறதே... அதில் மிஞ்சின சோற்றைப் போட்டு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கனி பிசைவாள். உருண்டை உருட்டி என் உள்ளங்கையில் ஒன்று, அவள் வாயில் ஒன்று. அன்றைக்கு வந்த விருந்தாளி, தெருவில் நடந்த சண்டை, டி.வி. சீரியல் மாமியார் எல்லாம் அந்தச் சட்டியைச் சுற்றித்தான் அலசப்படும். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வோம். நாற்பது வருஷமாக இப்படித்தான். நாளெல்லாம் வாய் திறக்காத நான் வாய் திறக்கிற இடம் அந்தச் சட்டி ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் எனக்கு முட்டிவலி வந்தது.

வருஷா வருஷம் புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை நாங்கள் பெருமாள் மலைக்குப் போவோம். படியேறிப் போய்க் கும்பிட்டு, மேலே மண்டபத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டு இறங்குவது வழக்கம். போன வருஷம் நாலு படி ஏறினேன். முட்டி நின்றுவிட்டது. "நீ இங்கனயே இரு, நாங்க போயிட்டு வந்துர்றோம்" என்று வீட்டுக்காரர் என்னை அடிவாரத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார வைத்தார். எல்லாரும் செருப்பைக் கழற்றி என் முன்னால் வரிசையாக விட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் ஏறி இறங்குகிற வரைக்கும் நான் செருப்புக்குக் காவல்!

இதில் இன்னொரு கூத்து. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பம் வந்து, "அம்மா, இதையும் பாத்துக்கிடுங்க" என்று அவர்கள் செருப்பையும் விட்டுவிட்டுப் போனது. மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தால்தானே! கனி மேலே போய்த் திரும்பியபோது அவள் கண் கலங்கி இருந்தது. "நீங்க இல்லாம புளியோதரை எறங்கலக்கா" என்றாள். அடுத்த வருஷம் எப்படியாவது ஏறிவிடுவது என்று அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தே முடிவு செய்தேன்.

இந்த வைகாசியில் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முட்டியை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். "முட்டி இன்னும் கெட்டுப்போகலம்மா. மேல இருக்கிற பாரம்தான் அதிகம். சர்க்கரையும் எட்டிப் பாக்குது. எடை குறைஞ்சா மலை ஏறலாம். இப்படியே போனா வீட்டு மாடிப்படிகூட ஏற முடியாது" என்றார். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொண்ணுக்குப் படுத்தா எப்படிம்மா? ஏழு மணிக்கு முடிச்சிருங்க" என்றார்.

உடம்பு இளைக்க வழி சொல்வதற்கு நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பெங்களூரில் இருக்கும் மகன், "பதினாறு மணி நேரம் பச்சைத் தண்ணி தவிர எதுவும் தொடாதம்மா" என்றான். எதிர்வீட்டு அம்மா வெறும் வயிற்றில் வெந்தயம் என்றார். பக்கத்து வீட்டு அம்மா வெந்தயம் ஆகவே ஆகாது, சீரகம்தான் என்றார். பிரஸ்ஸுக்குப் பேப்பர் எடுக்க விருதுநகர் போன கொழுந்தனார், எண்ணெய்ப் பரோட்டா பொட்டலத்தோடு வந்து நின்று, "மதினி, இது எண்ணெயில பொரிச்சதுதானே, தண்ணிச்சத்தே கிடையாது, ஒடம்பு ஏறாது" என்றார். ஒரு நாள் வெந்தயம், ஒரு நாள் சீரகம். பரோட்டாவை மட்டும் தொடவில்லை. அந்த வாசனையை எண்ணினால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை!

ஆனால் டாக்டரம்மா சொன்ன ஏழு மணியை மட்டும் விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டேன்.

அதில்தான் சிக்கல். வீட்டில் இன்னும் ஒருத்தர்கூடச் சாப்பிடாமல் இருக்கும்போது நான் மட்டும் தட்டை வைத்து உட்காருவதா? எங்கள் வீட்டில் ஒரு பெண் முதல் ஆளாகச் சாப்பிட்டால், காய்ச்சல் மாத்திரை போடப் போகிறாள் என்று அர்த்தம். அதை விடுங்கள். கனியிடம் என்ன சொல்வது? "இனிமேல் சட்டிச் சோற்றுக்கு நான் வரமாட்டேன், நீ தனியாகச் சாப்பிட்டுக்கொள்" என்றா?

வழியும் தானாகவே கிடைத்தது. சாயங்காலம் ஏழு மணி ஆனால் கனி, "துணி எடுத்துட்டு வந்துர்றேங்க்கா" என்று வாளியோடு மாடிக்குப் போவாள். போனால் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டுத்தான் வருவாள். அந்த நேரத்துக்குள் நான் கம்பு தோசையை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய், கதவைப் பாதி சாத்தி, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுவேன். சொந்த வீட்டில், நானே சுட்ட தோசையை, திருடி மாதிரி!

சரி, ஏழு மணி முடிந்தது. பத்தரைக்கு?

பத்தரைக்குக் கனி சட்டியோடு உட்கார்ந்திருப்பாள். "வாங்கக்கா, பசி கண்ணைக் கட்டுது" என்பாள். "எனக்கும்தான்" என்பேன். உட்கார்ந்துவிடுவேன். வயிற்றில் இடமே இருக்காது. ஆனால் கை நீளும்.

"என்னக்கா, கொஞ்சமாத் திங்கீக? இந்தாங்க, இன்னொரு உருண்டை."

"நீ சாப்பிடு. நீதான் இளைச்சுப் போயிட்ட."

"நானா இளைச்சேன்? ரவிக்கை எல்லாம் பிடிக்குது. நீங்க வாங்கிக்கோங்க."

என்னமோ தெரியவில்லை, அந்த மாதத்தில் கனி எனக்கு உருட்டித் தந்த உருண்டை எல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. அவள் வாய்க்குப் போனதெல்லாம் சுண்டைக்காய் அளவு. பாசத்தில் ஊட்டுகிறாள் என்று நினைத்தேன். சட்டியை நான் பிசைகிற அன்றைக்கு அவளுக்குப் பெரிய உருண்டையாகப் போட்டுப் பழிதீர்த்தேன்.

இப்போது புரிகிறதா, அந்த இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது என்று?

எடை பார்த்துவிட்டு வந்த அன்று மனசே சரியில்லை. இந்த வருஷமும் அந்தக் கல்தான், அந்தச் செருப்புதான் என்று தோன்றிவிட்டது. சட்டிச் சோற்றை விட்டால் மலை. மலையை விட்டால் சட்டிச் சோறு. இரண்டும் கனியோடுதான்! எதை விட முடியும்?

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம். ஏழு மணி. வழக்கம் போல அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து தோசையில் பாதியை முடித்திருந்தேன். திடீரென்று ஒரு இடி. அடுத்த நிமிஷம் சடசடவென்று மழை. மாடியில் வீட்டுத் துணி அத்தனையும் கிடக்கிறதே, கனி ஒருத்தியாக எப்படி எடுப்பாள் என்று பதறிப்போய், வாயில் இருந்த தோசையை விழுங்கக்கூட நேரமில்லாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினேன்.

கொடியில் துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது. கனியைக் காணவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. பழைய அட்டைப் பெட்டி எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதற்குள் எட்டிப் பார்த்தேன். துணி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கனி உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸில் சோள தோசை. ஓரத்தில் தக்காளிச் சட்னி.

அவள் வாய் நிறைய தோசை. என் வாய் நிறைய தோசை. இரண்டு பேராலும் பேச முடியவில்லை. மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நான்தான் முதலில் விழுங்கினேன்.

"என்ன கனி இது?"

"ஒண்ணுமில்லக்கா... பூனைக்குக் கொண்டாந்தேன்."

"பூனை சட்னி தொட்டுக்கிடுமாக்கும்?"

கனி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது கெடக்கட்டும். ஒங்க வாயில என்ன?"

"வெத்தலை."

"வெத்தலை எப்பயிருந்துக்கா முறுகலா வருது? ஒதட்டோரம் ஒட்டியிருக்கு பாருங்க!"

துடைத்துப் பார்த்தேன். கம்பு தோசை.

அவ்வளவுதான். முதலில் அவள் சிரித்தாளா நான் சிரித்தேனா தெரியாது. முந்தானையை வாயில் வைக்க மறந்துபோய்ச் சிரித்தோம். தகரக் கொட்டகையில் மழை அடிக்கிற சத்தத்தில் எங்கள் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது?

சிரித்து ஓய்ந்த பிறகு கனி சொன்னாள்: "எனக்கும் சுகர் எட்டிப் பாக்குதுன்னு சொல்லிட்டாகக்கா டாக்டரம்மா. ஏழு மணிக்குச் சாப்பிடுன்னாக. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்."

"ஏன்ட்டி, என்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா நீங்க, 'நீ முன்னாடியே சாப்பிட்டுரு'ன்னுருவீக. அப்புறம் ராத்திரி அம்புட்டு நேரம் ஒத்தையில சட்டியை வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பீக. ஏற்கெனவே நீங்க வாய் தொறக்க மாட்டீக. யார்கூடப் பேசுவீக?"

எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. மழைத் தண்ணீர் முகத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"அப்ப அந்தப் பெரிய பெரிய உருண்டை?"

"எனக்கு வயித்துல எடமில்லக்கா! சட்டி சீக்கிரம் காலியானா எந்திரிச்சிரலாமேன்னு ஒங்களுக்குத் தள்ளிவிட்டேன்."

"அடிப்பாவி! என் முட்டியில பாரத்தை ஏத்தினது நீதானா!"

"நீங்க மட்டும் என்னவாம்? சனிக்கிழமை எனக்கு உருட்டுனது உருண்டையா, லட்டுக் கடையில வைக்கிற பொம்மை லட்டா?"

அன்றைக்கே கனி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "நாளையிலயிருந்து ரெண்டு பேரும் ஏழு மணிக்குச் சேர்ந்து சாப்பிடுவோம். இந்த மாடி, மூட்டை எல்லாம் கெடையாது. கீழ, ஹால்ல, மேசையில."

"மேசையிலயா? அது ஆம்பளைக ஒக்கார்ற நாற்காலியாச்சே..."

"நாற்காலிக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமாக்கா?"

மறுநாள் உட்கார்ந்தோம். "வாசக் கதவையாவது சாத்தேன்" என்றேன். "சாத்துனா அது திருட்டுச் சாப்பாடு. தொறந்தே கெடக்கட்டும்" என்றுவிட்டாள். இப்போதும் சட்டிதான். ஆனால் பெரிய சட்டி இல்லை. கனி புதிதாக ஒரு சின்னச் சட்டி வாங்கி வந்திருந்தாள், இரண்டு கை சேர்ந்தால் நிறைகிற அளவு. குழம்பில் இரண்டு கரண்டியை அதில் ஊற்றி அடுப்பில் சுண்ட வைத்து, குதிரைவாலிச் சோறு போட்டுப் பிசைந்தாள். முதல் உருண்டை என் உள்ளங்கையில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் சத்தம்.

வீட்டுக்காரர்! கூடவே ஈரோட்டிலிருந்து வந்திருந்த காலண்டர் ஏஜென்ட். ஏதோ சாம்பிள் தாளை வீட்டில் மறந்து வைத்துவிட்டாராம். நான் உருண்டையோடு எழுந்தேன். அடுப்படிக்குள் ஓடிவிடுவது என்று திரும்பியும் விட்டேன். கனி மேசைக்கு அடியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "ஒக்காருங்கக்கா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. உட்கார்ந்தேன். கையில் உருண்டை. வாயிலும் வைக்க முடியவில்லை, கீழேயும் வைக்க முடியவில்லை.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "என்ன... ஒடம்புக்கு முடியலையா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

கனிதான் பதில் சொன்னாள்: "முடியாமப் போயிரக் கூடாதுன்னுதான் சாப்பிடுறோம் அத்தான்."

அத்தான் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் ஏஜென்ட் முந்திக்கொண்டார். அவருக்கு எழுபது வயது இருக்கும். "ரொம்ப நல்லதுங்க அம்மா! எனக்கும் சர்க்கரை இருக்குதுங்க. வீட்டுல ஏழு மணிக்கெல்லாம் சாப்பிட்டுருவேனுங்க. இங்க வந்தா அண்ணாச்சி பத்து மணிக்குத்தான் கூட்டியாராருங்க. வருஷா வருஷம் கண்ணு இருட்டிப் போகுதுங்க. சொல்றதுக்குக் கூச்சமா இருந்துதுங்க."

பாருங்கள்! நான் மட்டும்தான் கூச்சக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆப்செட் மெஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் வருஷக்கணக்காகப் பசியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"எனக்கும் ஒரு தட்டு கிடைக்குமுங்களா?" என்று அவர் கேட்டதும், அந்த நாள் வரை எனக்குத் தெரியாத ஒரு குரலில் யாரோ, "வாங்க, ஒக்காருங்க அண்ணாச்சி. சூடா இருக்கு" என்றார்கள். அது நான்தான். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு ரெண்டு தோசை சுடேன்... குழம்பு வாசனையா இருக்கு" என்றார்.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு மேசை. ஆண்களுக்கு ஹாட் பாக்ஸில் எடுத்து வைத்துவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் நாங்கள் படுத்துவிடுகிறோம். முதல் வாரம் பத்து மணிக்கு அடுப்படியில் பாத்திரம் உருளும். பிறகு கொழுந்தனாரின் குரல் வரும்.

"மதினி, உப்பு எங்கன இருக்கு?"

படுத்தபடியே, "வலது கைப் பக்கம்" என்பேன்.

"எந்த வலது கை?"

பிறந்ததிலிருந்து அவர் இருக்கிற வீடு! பக்கத்து அறையில் கனி தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

அடுத்த தடவை இரண்டு பேரும் சேர்ந்தே டாக்டரம்மாவிடம் போனோம். ஒன்றையும் மறைக்காமல் சொன்னோம். அரிசி மூட்டை, தகரக் கொட்டகை, பூனை, வெத்தலை, பெரிய உருண்டை எல்லாம். டாக்டரம்மா சிரித்துச் சிரித்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

நான் கொஞ்சம் தைரியம் வந்து கேட்டேன். "அப்ப அந்த ஏழு மணியில என்னதாம்மா இருக்கு?"

"ஏழு மணியில மாயம் ஒண்ணும் இல்லம்மா. ஆறரைன்னாலும் சரி, ஏழரைன்னாலும் சரி. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, கொஞ்ச நேரம் இடைவெளி வேணும். கம்போ, அரிசியோ, அளவு வேணும். அப்புறம், ஒரே ஒரு தடவை சாப்பிடணும். இந்தக் கடைசியைத் தனியாச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல!"

படித்தவர் சொல்லாமல் விட்டதில்தான் நாங்கள் சரியாகக் கோட்டை விட்டிருக்கிறோம்!

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கம்பு நல்லதுதான். சோளம் நல்லதுதான். சீக்கிரம் சாப்பிடுவது ரொம்ப நல்லது. வெந்தயமா சீரகமா என்பதை எதிர்வீடும் பக்கத்து வீடும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால் சாப்பாட்டு நேரம் என்பது கடிகாரத்தில் மட்டும் இல்லை. யாருக்காகக் காத்திருக்கிறோம், யாரிடம் சொல்லக் கூசுகிறோம் என்பதிலும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது ஒருத்தர் பசியோடு காத்துக்கொண்டிருக்கலாம், உங்கள் மேல் உள்ள பிரியத்தில். நீங்களும் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரில் ஒருத்தர் வாயைத் திறந்தால் இரண்டு வயிறு பிழைக்கும்.

சரி, போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஏறியிருந்த இரண்டு கிலோ இறங்கி, அதற்கு மேல் இன்னும் மூன்று இறங்கியிருந்தது. டாக்டரம்மா முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்து, "மெதுவா ஏறுங்க, அங்கங்க உக்காந்து ஏறுங்க" என்று உத்தரவு கொடுத்துவிட்டார். அடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கியதும் அந்தக் கல்லைப் பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்தது. பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏறினோம். உட்கார்ந்தோம். மறுபடி ஏறினோம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். போகட்டுமே! பெருமாள் எங்கே ஓடிப்போகப் போகிறார்? மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது வேர்வையில் சேலை ஒட்டிக்கொண்டது. கீழே ஊரெல்லாம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. தரிசனம் முடித்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். கனி ஒரு உருண்டை உருட்டி என் கையில் வைத்தாள். சின்ன உருண்டைதான். அதற்குள் அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை, பிறகு சிரிப்பு.

நீங்கள் கேட்கலாம்... அப்படியானால் இந்த வருஷம் கீழே செருப்புக்குக் காவல் யார்?

எங்கள் வீட்டுக்காரர்தான். நாலாவது படியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். வாங்காமல் என்ன செய்யும்? அந்த ஏஜென்ட் வந்த நாளிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி பிரஸ்ஸிலிருந்து வந்து, எங்களோடு ஏழு மணிக்குத் தோசை சாப்பிடுகிறார். கேட்டால், "இது சும்மா டிபன்தானே" என்கிறார். பத்து மணிக்குத் தம்பியோடும் உட்கார்ந்து, "அவன் ஒத்தையில சாப்பிடுவானேன்னுதான்" என்கிறார்!

நாங்கள் இறங்கி வந்தபோது அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் வரிசையாகச் செருப்பு. எங்களுடையது கொஞ்சம், ஊராருடையது நிறைய.

"இந்தா, ஒன் செருப்பு" என்று எடுத்து என் காலடியில் வைத்தார். பிறகு மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"அந்த டாக்டரம்மா... ஆம்பளைகளையும் பாப்பாகளா?"